நாற்பத்தெட்டுத் தொட்டிகளும் ஒரு மகளும்

தாவரவியல் படித்தவனுக்கு வேலை கிடைப்பது அபூர்வம். கிடைத்த வேலைக்கு நடுவில் ஒரு செடியைப் பார்க்க நேரம் கிடைப்பது அதைவிட அபூர்வம். எனக்கு இரண்டும் கிடைத்தன. கூடவே இனியாவும் கிடைத்தாள்.

செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளர். வருகிற ஜூனில் இருப்போமா மாட்டோமா என்று தெரியாதவர்களை இப்படி மரியாதையாக அழைப்பது வழக்கம். நிரந்தர வேலை வேண்டுமானால் முனைவர் பட்டம் வேண்டும். என் ஆராய்ச்சி நிலக்கடலை வேரில். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றால்தான் புரியும். அதன் வேரில் கடுகு அளவுக்குச் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் ஒரு பாக்டீரியா குடியிருந்துகொண்டு காற்றிலிருந்து செடிக்கு உரம் தயாரித்துக் கொடுக்கும். எங்கள் ஊர் மண்ணிலிருந்தே எடுத்த பாக்டீரியாவை விதையில் பூசினால் முடிச்சு கூடுமா என்பதுதான் என் கேள்வி. அதை ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவி கலைச்செல்வி மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். கள்ளக்குறிச்சிப் பக்கம் வேலை. திங்கட்கிழமை விடிகாலை முதல் பஸ்ஸில் போனால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவாள். என் அம்மா இல்லை. மாமியார் மச்சான் வீட்டில் அவன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆக, வாரத்தில் ஐந்தரை நாள் நானும், மூன்று வயது இனியாவும் மட்டும்தான். ஒரு கையால் சோறு பிசைந்துகொண்டு மறு கையால் மின்னஞ்சல் அடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு என் வணக்கம். மற்றவர்கள் நிதானமாகப் படிக்கலாம். உங்களுக்கு நேரம் இருக்கிறது.

காரணம்

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய காலம் முடிந்துபோனதும், கடைசியாக ஒரு வருஷம் நீட்டிப்பு கேட்டு விண்ணப்பித்தேன். கிடைத்தது. மார்ச் மாதக் கடைசி வரை. அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் பதிவு ரத்து, ஆறு வருஷமும் போச்சு என்பதைக் கடிதத்தில் நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள்.

ஆனால் விண்ணப்பத்தைக் கொடுக்கப் போன அன்று நடந்ததைச் சொல்லவேண்டும். படிவத்தில் ‘தாமதத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம். உடல்நலக் குறைவு, மகப்பேறு, இதர என்று மூன்று அச்சடித்திருந்தார்கள். மகப்பேறுக்குப் பக்கத்தில் பெண்களுக்கு மட்டும் என்று ஞாபகமாகப் போட்டிருந்தார்கள். நான் இதர என்பதில் டிக் அடித்து ‘குழந்தை வளர்ப்பு’ என்று எழுதினேன்.

பிரிவு எழுத்தர் அதைக் கண்ணாடி வழியாக ஒரு முறை, கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை படித்தார். வளர்ப்பது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். குழந்தை யாருடையது என்றார். அதுவும் என்னுடையதுதான் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, மிகுந்த அக்கறையோடு சொன்னார்:

“தம்பி, இத மேல அனுப்பினா சிரிப்பாங்க. மஞ்சக்காமாலைன்னு எழுதிடுங்க. அதுக்கு நம்ம ஃபைல்ல நெறைய முன்னுதாரணம் இருக்குது.”

வருகைப் பதிவு

அங்கன்வாடிக்கு லீவு விடுகிற நாளும் கல்லூரிக்கு லீவு விடுகிற நாளும் இந்த உலகத்தில் ஒத்துப்போனதில்லை. டீச்சருக்கு மீட்டிங், சொட்டு மருந்து முகாம், கட்டடத்துக்கு வெள்ளையடிப்பு, ஏதாவது ஒன்று வரும். அந்த நாட்களில் இனியா என்னோடு முதலாம் ஆண்டு வகுப்புக்கு வந்துவிடுவாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ எழுதி முடித்த ரெக்கார்டு நோட்டில் கிரேயானால் கிறுக்கிக்கொண்டிருப்பாள்.

செல் பிரிதலில் நான்கு நிலைகள் உண்டு. இனியா இருக்கும் வகுப்பில் நான் மூன்றாவது நிலைக்குப் போய்ச்சேர்ந்ததே இல்லை. இரண்டாவது நிலையில் எழுந்து நின்று, “நைனா, ஒண்ணுக்கு” என்பாள். கூட்டிக்கொண்டு போய்த் திரும்புவதற்குள் மணி அடித்துவிடும். அந்த வருஷம் பரீட்சையில் பாதிப் பேர் இரண்டாவது நிலையோடு விடையை முடித்திருந்தார்கள். நான் மதிப்பெண் குறைக்கவில்லை. குறைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

எனக்கு வருத்தம்தான். பிள்ளைகளிடம் ஒரு நாள் மன்னிப்புக்கூடக் கேட்டேன். கடைசி பெஞ்சில், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் தரிசனம் தருகிற விக்னேஷ் எழுந்து நின்றான்.

“விடுங்க சார். பாப்பா பேரையும் அட்டெண்டன்ஸ்ல சேத்துடுங்க. எங்களவிட ரெகுலரா வருது.”

பாராட்டு விழா

இனியாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் எனக்கு ஒரு நாற்காலி காலியாகும். ஒருவர் பையை வாங்கிக்கொள்வார். ஒருவர் டீ சொல்லி அனுப்புவார். “எந்த ஆம்பள சார் இப்டி பண்றான்?” என்று ஒருவர் ஆரம்பிப்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் அடக்கமாகத் தலைகுனிந்து டீயைக் குடிப்பேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. ஆராய்ச்சிக்கு ஒருத்தரும் கை தட்டாத நாட்களில், மகளுக்கு மூக்கு துடைத்துவிட்டதற்குக் கிடைத்த கைதட்டல் கசக்கவில்லை.

அந்த அறையின் மூலையில் வேதியியல் சுமதி மேடம் எப்போதும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். இரண்டு பிள்ளைகள், இருவரும் பெரியவர்களாகிவிட்டார்கள். என் பாராட்டு விழாவில் அவர் ஒரு நாளும் கலந்துகொண்டதில்லை. எனக்கு அது கொஞ்சம் குறையாகவே இருந்தது. ஒரு நாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, “நீங்க ஒண்ணுமே சொல்லலியே மேடம்” என்று நானாகப் போய்க் கேட்டேன். வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொள்வது என்பது இதுதான். சிவப்புப் பேனாவை நிறுத்தாமல் சொன்னார்:

“ஒண்ண இடுப்புல, ஒண்ண வயித்துல வெச்சிக்கினு நான் தீசிஸ் எழுதினேன் சார். இதே ரூம்லதான். ‘வூட்டப் பாத்துக்க முடியலன்னா எதுக்கு வேலைக்கு வராங்க’ன்னு கேட்டாங்க. டீ எல்லாம் யாரும் சொல்லல.”

மறுநாளிலிருந்து டீக்கு நான் சொல்லி அனுப்ப ஆரம்பித்தேன். சுமதி மேடத்துக்கும் சேர்த்துத்தான்.

“சக்கர கம்மியா சொல்லுங்க. இருவது வருஷம் லேட்டு, ஆனாலும் சூடா இருக்குது” என்றார்.

சிங்கவரத்தில் ஒரு விசாரணை

பாக்டீரியா எடுக்க நல்ல முடிச்சுள்ள வேர் வேண்டும். சிங்கவரத்தில் ஒரு விவசாயி தன் மல்லாட்டைக் கொல்லையில் பத்துச் செடி பிடுங்கிக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தார். சனிக்கிழமை காலையில் இனியாவை பைக்கின் முன்னால் உட்காரவைத்து, குடை, பால் பாட்டில், வேர் போட பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றோடும் போனேன். வரப்பில் குடையை விரித்து அவளை உட்காரவைத்துவிட்டு, வேரை அலசி முடிச்சு எண்ண ஆரம்பித்தேன்.

கொல்லையில் ஆறேழு பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையாக உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். முதல் கேள்வி, குழந்தைக்கு அம்மா எங்கே? இன்ஜினியர், வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். ‘நீங்க இன்னா பண்றீங்க?’ என்பது அடுத்த கேள்வி. முடிச்சு எண்ணுகிறேன் என்றேன்.

“எண்ணி?”

“எழுதி வெப்பேன்.”

“எழுதி?”

“அடுத்த வேர எண்ணுவேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு இனியாவைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை போன மனுஷன், பொண்டாட்டி சம்பாத்தியத்தில் காலம் தள்ளுகிறான், மூளையும் கொஞ்சம் கலங்கியிருக்கிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்தது எனக்கே தெரிந்தது. ஒரு அம்மாள் முந்தானையிலிருந்து அவித்த மல்லாட்டையை எடுத்து இனியாவின் கையில் வைத்து, என் பக்கம் திரும்பி, மிகவும் பதமாகச் சொன்னார்:

“எண்ணி முடிச்சிட்டு சும்மாதான் இருப்பேன்னா சொல்லு தம்பி. நாளைக்கி எங்க செட்டுல ஒரு ஆளு கொறையுது.”

இரண்டு டப்பா

விதையில் பாக்டீரியா ஒட்டுவதற்கு ஒரு பசை வேண்டும். நாடு முழுக்க விவசாயிகள் செய்வது ஒன்றுதான்: ஆறின அரிசிக் கஞ்சியில் பாக்டீரியாப் பொடியைக் கலந்து விதை மேல் பூசுவார்கள். கஞ்சியில் உப்பு இருக்கக்கூடாது. உப்பு பட்டால் பாக்டீரியா பிழைப்பது சந்தேகம்.

நீட்டிப்பில் கிடைத்த வருஷத்தின் முக்கியமான சோதனைக்கு விதை பூசவேண்டிய நாள் அது. அன்றைக்கென்று இனியாவுக்கு வயிறு சரியில்லை. விடிந்ததிலிருந்து மூன்று தடவை போய்விட்டாள். ஒரே அடுப்பில், ஒரே பாத்திரத்தில் கஞ்சி வைத்தேன். பாதியை எடுத்து விதைக்கு வைத்தேன். மீதிப் பாதியில் உப்பு, சீரகம், நசுக்கின பூண்டு போட்டு இனியாவுக்கு வைத்தேன். இரண்டையும் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்களில் மூடினேன். ஒன்றை அங்கன்வாடியில் கொடுத்து, பாப்பாவுக்குப் பசித்தால் இதை மட்டும் கொடுங்கள் என்று டீச்சரிடம் நாலு முறை சொல்லிவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன்.

பத்தரை மணிக்கு டீச்சர் ஃபோன் செய்து, பாப்பா கஞ்சியைத் துப்புகிறாள், உப்பே இல்லையாம் என்றார். காய்ச்சல் வந்த நாக்கு அப்படித்தான் சொல்லும் என்று சமாதானம் சொல்லி ஃபோனை வைத்தேன். காய்ச்சலே இல்லை என்பது வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் விதையெல்லாம் பூசி நிழலில் பரப்பியாகிவிட்டது. ஆய்வக உதவியாளர் மணவாளன் முப்பது வருஷ சர்வீஸ்காரர். பரப்பியிருந்த விதைக்கு மேல் குனிந்து, மூக்கை உறிஞ்சி, ஒரு விதையை எடுத்துத் திரும்ப மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இன்னா சார், வெதைக்கி வயிறு சரியில்லியா?”

நாற்பத்தெட்டு குச்சி

புதிதாக விதை எடுத்து, உப்பில்லாத கஞ்சி வைத்து மறுநாள் பூசினேன். இருபத்துநான்கு தொட்டியில் பூசிய விதை, இருபத்துநான்கில் பூசாத விதை. தொட்டிகளைக் கல்லூரியில் வைத்தால் சாயங்காலம் தண்ணீர் ஊற்ற முடியாது. நான்கு மணிக்கு நான் அங்கன்வாடி வாசலில் நிற்கவேண்டியவன். அதனால் என் நெறியாளரின் அனுமதியோடு நாற்பத்தெட்டையும் வாடகை வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தேன். வெயில் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி படவேண்டும் என்பதற்காகத் தொட்டிகளை வாரம் ஒரு முறை கலைத்து இடம் மாற்றிவைப்பது முறை. எந்தத் தொட்டி எது என்பதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு ஐஸ் குச்சியில் எழுதிச் செருகியிருந்தேன். குச்சி போனால் அப்புறம் கடவுளுக்குத்தான் தெரியும்.

செஞ்சியில் மாடியில் எதை வைத்தாலும் மலையிலிருந்து குரங்கு வந்து பார்த்துவிட்டுப் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் கலையும் நான்கு பக்கமும், தலைக்கு மேலேயும் வலை கட்டினோம். ஒரு குரங்குகூட உள்ளே வரவில்லை. தினமும் வலைக்குள்ளே இனியாவைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தவன் நான்தான்.

குச்சிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அத்தனையும் நாங்கள் இரண்டு பேரும் தின்ற ஐஸின் குச்சிகள். தின்று முடித்ததும் குச்சியைச் சோப்புப் போட்டுக் கழுவி நைனாவிடம் கொடுத்தால் நைனா கை தட்டுவார். இது எங்கள் வீட்டுச் சட்டம். இயற்றியவன் நான்.

முப்பத்தெட்டாம் நாள் சாயங்காலம். இன்னும் ஏழு நாளில் செடிகளைப் பிடுங்கி முடிச்சு எண்ணவேண்டும். நெறியாளர் ஃபோன் செய்தார். இவ்வளவு தூரம் வந்த பிறகு கவனக்குறைவால் கோட்டை விட்டவர்களின் கதைகளாகப் பத்து நிமிஷம் சொன்னார். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மலையைப் பார்த்தபடி, “இங்க எல்லாம் பத்திரமா இருக்குது சார்” என்றேன். ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினேன். வாளிக்குப் பக்கத்தில் இனியா நின்றிருந்தாள். கவுன் முழுக்க நனைந்திருந்தது. மடியில் நாற்பத்தெட்டு குச்சி. மார்க்கர் மை மழைக்குத் தாங்கும் என்று கடைக்காரர் உத்தரவாதம் கொடுத்திருந்தார், சோப்புக்குக் கொடுக்கவில்லை.

“எல்லாம் கழுவிட்டேன் நைனா. கை தட்டு.”

லைவ் லைன்

கை தட்டவில்லை. கத்தினேன். அவள் பிறந்ததிலிருந்து நான் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர் துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே போய்விட்டார். இனியா குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். சட்டப்படி நடந்த பிள்ளையைத் திட்டுகிறோமே என்று எனக்கும் அழுகை வந்தது. இரண்டு பேரும் அழுதால் தோசை யார் சுடுவது என்று நான் நிறுத்திக்கொண்டேன்.

ஆறு வருஷமும் போச்சு. கலைக்கு ஃபோன் செய்து, உன் மகள் என்ன செய்தாள் தெரியுமா என்று ஆரம்பித்தேன். நல்ல காரியம் செய்தால் என் மகள். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். விபத்து நடந்த இடத்தில் விசாரிக்கிற குரலில் இரண்டே கேள்வி கேட்டாள்: குச்சி எவ்வளவு உயரத்தில் இருந்தது, கழுவச் சொல்லிக் கொடுத்தது யார்? சொன்னேன்.

“கைக்கு எட்டற ஒயரத்துல லைவ் லைன கட்டிட்டு, ஷாக்கடிச்ச புள்ளைய திட்டிக்கினு இருக்கீங்களா?”

பன்னிரண்டாவது செடி

மறுநாள் கல்லூரியில் இயற்பியல் துறை நண்பர் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். அவர் இதை ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. உன் பாக்டீரியா நல்லது என்றுதானே நிரூபிக்கப் போகிறாய், அப்படியானால் நன்றாக வளர்ந்த செடிகளெல்லாம் பூசிய விதை, நோஞ்சான்களெல்லாம் பூசாத விதை, அதன்படி குச்சியைத் திரும்ப நட்டுவிடு என்றார். கேட்க எவ்வளவு சுலபமாக இருந்தது என்று சொல்லி மாளாது. பூசினதால் வளர்ந்ததா என்று கண்டுபிடிக்க வேண்டியவன், வளர்ந்ததால் பூசினது என்று முடிவு கட்டுவது ஆராய்ச்சி இல்லை, ஜோசியம். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அன்று சாயங்காலம் இனியாவை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

பதினொரு குச்சி நட்டேன். தயங்கவே இல்லை, அதைத்தான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. பன்னிரண்டாவது செடி நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. நடுத்தரமாக நின்றது. ஒரு பக்கம் பார்த்தால் பூசினது போலவும், இன்னொரு பக்கம் பார்த்தால் பூசாதது போலவும் இருந்தது. அதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கால் மரத்துப் போகும்வரை யோசித்தேன். எந்தப் பக்கம் போடுவது என்று நான் முடிவு செய்யவேண்டியிருந்தால், முந்தின பதினொன்றையும் நான்தானே முடிவு செய்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பதினொன்றையும் பிடுங்கிவிட்டேன்.

வெறுங்கையோடு கீழே இறங்கி நெறியாளரைக் கூப்பிட்டு நடந்தது அத்தனையும் சொன்னேன், பதினொரு குச்சியைத் தவிர. அவர் திட்டாமல் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்:

“உன் பொண்ணு எத்தன குச்சி எடுத்தா?”

“நாப்பத்தெட்டும் சார்.”

“நல்லதாப் போச்சு. பாதிய விட்டிருந்தான்னா, மீதிய வெச்சி நீ ஏதாவது பண்ணலாமான்னு பாத்திருப்ப.”

இரண்டு தொட்டி

ஜனவரி முதல் வாரம் முடிந்திருந்தது. திரும்ப விதை போட்டு நாற்பத்தைந்து நாள், எண்ணிக் கணக்குப் போட்டு எழுத ஒரு மாதம், அச்சடித்துக் கட்ட ஒரு வாரம். ஒரு நாள் மழையோ ஒரு நாள் காய்ச்சலோ வந்தால் மார்ச் கைவிட்டுப் போகும். மச்சான் ஃபோன் செய்து, குழந்தையைத் திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் விடுங்கள், மார்ச் முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றான். நியாயமான யோசனை. நல்ல மனசோடுதான் சொன்னான். பையைக்கூடக் கட்டிவிட்டேன். பையில் தன் செருப்பைத் தானே கொண்டுவந்து வைத்த இனியா, “நீயும் உன் செருப்ப வெய்யி நைனா” என்றாள். பையைப் பிரித்துவிட்டேன். மச்சானிடம் திண்டிவனம் பஸ்ஸில் கூட்டம் என்று சொன்னேன்.

இந்த முறை மணவாளன் வீட்டுக்கு வந்து எல்லாத் தொட்டிகளின் மேலேயும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதிக் கொடுத்தார். எந்த எண் எது என்பதை மூன்று நோட்டில் எழுதி, மூன்று பேரிடம் கொடுத்தேன். இனியாவுக்கென்று தனியாக இரண்டு தொட்டி வைத்தேன். அதற்கு இரண்டு குச்சி. இஷ்டத்துக்குப் பிடுங்கலாம், கழுவலாம், நடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இந்த ஏற்பாடு அற்புதமாக வேலை செய்தது. நான் என் தொட்டிகளில் மூழ்கியிருக்கும்போது அவள் அவளுடையதில் மூழ்கியிருப்பாள். தினம் ஐந்து வேளை தண்ணீர் ஊற்றினாள். இருபதாம் நாள் இரண்டு செடியும் அழுகிச் சாய்ந்துவிட்டன. அழுவாளோ என்று பயந்து, எப்படி ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் நாற்பத்தெட்டையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, என் தோளில் கை வைத்து, எனக்கு ஆறுதல் சொன்னாள்:

“உன்னுதும் செத்துடும் நைனா. வெய்ட் பண்ணு.”

வாய்மொழித் தேர்வு

சாகவில்லை. ஆனால் நான் ஆசைப்பட்ட மாதிரி துள்ளிக் குதிக்கவும் இல்லை. பூசிய செடியில் முடிச்சு கொஞ்சம்தான் கூடுதல். தளதளவென்று வளர்ந்திருந்த சில செடிகளின் எண்ணை நோட்டில் பார்த்தால் பூசாத விதை என்றிருந்தது. அந்தப் பதினொரு குச்சியை நினைத்து எனக்கு வேர்த்துவிட்டது. கிடைத்ததைக் கிடைத்தபடி எழுதினேன். முதல் சோதனை எப்படிப் போயிற்று என்பதையும் ஒரு வரி எழுதச் சொன்னார் நெறியாளர். ‘முதல் முறை வைத்த சோதனை, ஆய்வாளரின் மூன்று வயது மகள் அடையாளக் குச்சிகளை அகற்றிவிட்டதால் கைவிடப்பட்டது’ என்று எழுதினேன். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் ஆய்வேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். துறையில் பெரிய பெயர், சிரித்ததை யாரும் பார்த்ததில்லை என்று சொன்னார்கள். பார்வையாளர் வரிசையில் லீவு போட்டுவிட்டு வந்த கலை, பக்கத்தில் சுமதி மேடம், நடுவில் இனியா. தேர்வாளர் முக்கால் மணி நேரம் என்னைப் பிழிந்தார். வித்தியாசம் இவ்வளவு குறைவாக இருக்கிறதே, இதற்கு ஒரு பட்டமா என்கிற தோரணையில்தான் எல்லாக் கேள்வியும் இருந்தன. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கடைசியாக ஒரு பக்கத்தைத் திறந்து அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். அரங்கில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இது உண்மையா என்று கேட்டார். உண்மைதான் சார் என்றேன். அந்தக் குழந்தை யார் என்று கேட்டார். கலை நாற்காலியிலிருந்து இனியாவை இறக்கிவிட்டாள். இனியா நேராக நின்று, பழக்கதோஷத்தில், “நைனா, ஒண்ணுக்கு” என்றாள்.

“போய்ட்டு வாங்க, வெய்ட் பண்றோம்” என்றார் தேர்வாளர். நான் அரங்கத்திலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அறிக்கையில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். பட்டத்துக்குப் பரிந்துரை செய்கிறேன் என்று அறிவித்துவிட்டு, பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

“நான் என் தீசிஸை ரெண்டே வருஷத்துல முடிச்சேன், ஒரு தப்பு கிடையாது. அப்ப வீட்ல ரெண்டு வயசுல ஒரு பையன் இருந்தானாம். என் வீட்டுக்காரம்மா சொல்றாங்க.”

வேலைக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்ற நான் எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்றாலும் எதையும் கைவிடவில்லை என்பதற்கு ஒரு பட்டமும் ஒரு பெண்ணும் எனக்குச் சாட்சி, அதில் பெண் மட்டும் அவ்வப்போது பிறழ்சாட்சி ஆகிவிடுகிறாள்.